மாயக்காள் மடக்கு

ஆலம்பொட்டல்,
செக்கானூரணி வழி.
9.2.1987

ராதாமணிக்கு ஜெயக்கொடி எழுதுவது.

கல்லூரி முடிந்த இந்த ஐந்து வருஷத்தில் நான் உனக்கு எழுதியது நாலு கடிதம். நீ அனுப்பியது ஒரு கல்யாணப் பத்திரிகையும் பிள்ளை பிறந்ததாக ஒரு கார்டும். வகுப்பில் கணக்கில் முதல் நீதானே, மிச்சத்தை நீயே கழித்துப் பார்த்துக்கொள்.

குறை சொல்ல எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டும்.

எங்கள் ஊர்க் கால்வாய்க்குச் சிமென்ட் பூசி, புதிதாக மடைகள் வைக்கப் போகிறார்கள். எந்தெந்த வயலுக்குத் தண்ணீர் என்று ஒரு பட்டியலைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு வரைபடம். பட்டியலில் மாயக்காள் மடக்கு வயல்கள் பதினொன்றும் இல்லை. என் அப்பாவின் அறுபது சென்ட்டும் அதில் ஒன்று. எங்களுக்கு நன்செய் என்று இருப்பது அது மட்டும்தான்.

மடக்கு என்றால் கால்வாய் மடங்குகிற இடம். நேராக வருகிற கால்வாய் அங்கே ஒரு பள்ளத்தைச் சுற்றி வடக்கே ஒதுங்கி, நானூறு மீட்டர் போய், மறுபடி பழைய தடத்துக்கு வரும். வயல்கள் அந்த வளைவுக்குள், கால்வாய்க்குத் தாழ்ந்த பக்கம் கிடக்கின்றன. ஒட்டிய படத்தில் கால்வாய் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராகப் போகிறது. அப்படிப் போனால் எங்கள் வயல்கள் கால்வாய்க்கு மேட்டுப் பக்கம் ஆகிவிடும். மேட்டுப் பக்கத்துக்கு மடை கிடையாதாம். மாயக்காள் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மடக்கு எங்கே என்று கேட்டால் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கை காட்டும்.

அப்பா படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். “என்னாத்தா இது, நம்ம காலுவாயப் புடிச்சு இழுத்து நிமுத்திப்புட்டாய்ங்க” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

படத்தின் மூலையில், கம்ப்யூட்டரால் வரையப்பட்டது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து அப்படிப் படம் வரைகிற ஆபீஸில் இருக்கிற ஆள் நீ ஒருத்திதான். அந்தக் கோடு ஏன் நேராகப் போனது, யாருக்கு மனு எழுத வேண்டும் என்று சொல். ஏப்ரல் எட்டாம் தேதி விசாரணை.

பாப்பாவுக்குப் பல் வந்துவிட்டதா?

ஜெயக்கொடி


வில்லாபுரம், மதுரை.
2.3.1987

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகப் போகிறது. பதில் எழுத ஒவ்வொரு நாளும் நினைத்தேன். பாப்பாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு வெளியே வருகிறது, அதோடு வயிற்றுப்போக்கு. பச்சையாகப் போனது, பிறகு நுரைத்துப் போனது. டாக்டர் பல் வருகிற பிள்ளைக்கு இது சகஜம் என்கிறார். பல் வருகிற எல்லாப் பிள்ளைக்கும் நுரைத்துப் போகுமா, எனக்குத் தெரியவில்லை. உன் பள்ளிக்கூடத்துத் தாய்மார்களைக் கேட்டுச் சொல்வாயா? தூங்கும்போது மூச்சு வேகமாக இருக்கிற மாதிரி தோன்றினால் நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. ஒரு நாள் நாற்பத்தொன்று வந்தது. என் மாமியார் எங்கள் வீட்டுப் பாஷையில் சொன்னார், பிள்ளைக்கு மூச்சு எண்ணுகிறவளை இந்தத் தெருவில் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று. அவர் நாலு பெற்றவர். எனக்கு இது ஒன்று.

ஓரளவு திடமாக ஏதாவது கொடுக்கலாம் என்று கேழ்வரகுப் பால் எடுத்துக் காய்ச்சிக் கொடுத்தேன். அதைத் துப்பிவிட்டாள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் துப்பியிருக்க மாட்டாளோ என்று தோன்றுகிறது. இப்படி எதைப் பார்த்தாலும் எனக்கு ஏதாவது தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கால்வாய் விஷயம். எங்கள் அறையில் ஆறேழு பேர் வேலை செய்கிறோம், எந்தத் தாள் யார் கையால் ஆனது என்று சொல்வது கடினம். செயற்பொறியாளருக்கு மனு எழுதுங்கள். வயல்களின் சர்வே எண், பதினொரு பேரின் கையெழுத்து, கால்வாய் உண்மையில் எப்படிப் போகிறது என்று ஒரு கைப்படம், இவை இருந்தால் போதும். கண்டிப்பாகக் கவனிப்பார்கள்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

ராதாமணி


ஆலம்பொட்டல்
7.3.1987

ஏ புள்ள ராதா,

உன் கடிதத்தில் பாப்பாவின் வயிற்றுப்போக்குக்கு ஒன்றரைப் பக்கம், எங்கள் மடக்குக்கு அஞ்சு வரி. சரி, பிள்ளை பெற்றவள். கேட்டுவிட்டேன், நுரைத்துத்தான் போகுமாம், மாதுளம் ஓட்டை இழைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்.

நான் யார் கையால் ஆனது என்று கேட்கவே இல்லையே. ஏன் நேராகப் போனது என்றுதானே கேட்டேன்? நான் கேட்காததற்குப் பதில் எழுதியிருக்கிறாய். கல்லூரியில் வைவாவில் தெரியாத கேள்வி வந்தால் நான்தான் அப்படிச் செய்வேன், நீ செய்ய மாட்டாய்.

மனு கொடுத்தோம். வி.ஏ.ஓ. வாங்கிப் பார்த்துவிட்டு, “மனுசன் வரைஞ்சா தப்பு வரும்மா, இது கம்ப்யூட்டரு. அதுக்கு நீங்க வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு உண்டா?” என்றார். அடுத்த வயல்காரர் மொக்கையன் மாமா விடவில்லை. “அப்ப அதுக்குக் கோவம் வந்திருச்சு போல. ஒரு கிடாய வெட்டிருவமா சார்? கறி திங்குமா அது?” என்றார். வி.ஏ.ஓ.வும் சிரித்துவிட்டார். அதனால் ஒன்றும் ஆகவில்லை, மனுவில் ஒரு முத்திரை விழுந்தது.

கிராமத்துப் பழைய படத்தைக் காட்டலாம் என்றால் அதில் கால்வாயே இல்லை. கால்வாய் அதற்குப் பின்னால் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் சர்வேக்காரர்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்து வரைந்தார்களே, அந்தத் தாள் எங்கே என்று கேட்டால், கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, தேடணும் என்கிறார்கள்.

நேராகக் கேட்கிறேன். உங்கள் மெஷின் எப்படி ஒரு வளைவை விழுங்கும்?

ஜெயக்கொடி


வில்லாபுரம்
19.3.1987

அன்புள்ள ஜெயா,

சொல்கிறேன். நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நூலை வைத்துச் சொல்லத்தான் வரும், பொறுத்துக்கொள்.

சர்வேக்காரர்களின் தாளை நாங்கள் ஒரு பெரிய மேசையில் விரித்து, கண்ணாடிக் குறி பதித்த ஒரு கருவியால் கால்வாயைத் தடவிக்கொண்டே போவோம். வளைகிற இடத்தில் எல்லாம் பொத்தானை அழுத்தினால் அந்த இடம் ஒரு புள்ளியாகக் கம்ப்யூட்டருக்குள் போகும். உங்கள் கால்வாய் பதினெட்டு கிலோமீட்டர், இரண்டாயிரத்து நூற்று நாற்பது புள்ளி. அத்தனையையும் அப்படியே வரையச் சொன்னால், வரைகிற மெஷினின் பேனா புள்ளிக்குப் புள்ளி நின்று, மை ஊறி, கோடு கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடும். அதுவுமில்லாமல் அந்த மெஷின் ஒரு கோட்டுக்கு நூறு புள்ளிக்கு மேல் வாங்காது. ஆகவே பெரும்பாலான புள்ளிகளை எறிந்தாக வேண்டும். எதை எறிவது?

கால்வாயின் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டியதாக நினைத்துக்கொள். நூலிலிருந்து ரொம்பத் தள்ளி நிற்கிற புள்ளி எது என்று பார். நாம் ஒரு அளவு வைத்திருப்போம். அந்த அளவைவிடத் தள்ளி நின்றால் அதை விடக் கூடாது, நூலைக் கொண்டுபோய் அந்தப் புள்ளியில் மாட்டு. இப்போது நூல் இரண்டு துண்டாகிவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் இதே வேலை. எந்தத் துண்டில் எல்லாப் புள்ளியும் அளவுக்குள் நூலை ஒட்டி நிற்கிறதோ, அங்கே நடுவில் இருப்பதை எல்லாம் எறிந்துவிட்டு நூலையே கோடாக வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் முறை. முப்பது வரி புரோகிராம். பிரசவ விடுப்பு முடிந்து போன முதல் மாதத்தில் நான் எழுதியது. ஆயிரக்கணக்கான புள்ளி உள்ளே போய், அறுபது எழுபதாக வெளியே வந்து, கோடு பார்க்க அதே கோடாக இருக்கும். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அந்த அளவை நாம்தான் கொடுக்க வேண்டும். அங்கேதான் தப்பு நடந்தது.

சர்வேக்காரர்கள் சங்கிலியால் அளப்பவர்கள். சங்கிலியின் ஒரு கண்ணி ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர். எழுபத்தைந்து கண்ணி என்றால் பதினைந்து மீட்டர். அதை நினைத்து நான் எழுபத்தைந்து என்று அடித்தேன். புரோகிராம் மீட்டர் என்று எடுத்துக்கொண்டது. உங்கள் மடக்கு நூலிலிருந்து அறுபது மீட்டர்தான் தள்ளி நிற்கிறது. போய்விட்டது.

ஆமாம், நான்தான். ஆறேழு பேர் என்று எழுதியது பொய் இல்லை, ஆனால் கால்வாய்க் கோடுகள் எல்லாமே என் வேலை. அது ஆபீஸ் சுவரில் மாட்டுகிற சின்னப் படத்துக்காகச் செய்தது, அதில் உங்கள் மடக்கு மொத்தமும் ஒரு மில்லிமீட்டர். அந்தப் புள்ளிகளையே எடுத்து ஐந்து மடங்கு பெரிதாக்கி ஊர் ஊராக ஒட்டுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய்.

ராதாமணி


ஆலம்பொட்டல்
24.3.1987

ராதா,

இதைச் சொல்லவா இம்புட்டு நாள்? நான் பள்ளிக்கூடத்தில் கிலோவையும் கிராமையும் மாற்றிப்போட்டு, முப்பது பிள்ளைகளும் ஒரு நாளைக்கு மூவாயிரம் கிலோ அரிசி சாப்பிடுவதாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டன.

அப்பாவிடம் உன் கடிதத்தை வாசித்தேன். நூல் கட்டுகிற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, முற்றத்தில் கயிறு கட்டிக் காட்டச் சொன்னார். கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கட்டிக் காட்டினேன். கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரத்தனமாத்தான் பண்ணியிருக்கு. வெலகி நிக்கிறவன மட்டும் விட்டு வச்சிட்டு, கூட ஒட்டி நிக்கிறவன எல்லாம் எறியிறதா” என்றார். அப்புறம், “பிள்ளக்காரி, தூக்கமிருக்காது, கை தவறிப்போச்சு. விடு” என்றார். நீ கேட்காமலே கிடைத்துவிட்டது, வைத்துக்கொள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். இதே விஷயத்தை ஒரு தாளில், கண்ணிக்குப் பதில் மீட்டர் ஆகிவிட்டது, மடக்கு இருந்தது நிஜம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஏப்ரல் எட்டுக்கு முன் என் கையில் இருக்க வேண்டும். கை தவறியதற்கு யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள்.

ஜெயக்கொடி


ஆலம்பொட்டல்
11.4.1987

ராதாமணிக்கு.

ஏழாம் தேதி சாயங்காலம் வரை தபால்காரருக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டாம் தேதி நாங்கள் பதினொரு பேரும் வெறுங்கையோடு போனோம்.

அதிகாரி கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார். படத்தை விரித்தார். “இதுல கால்வாய் நேராத்தான் போகுது. தரையில வளைஞ்சிருக்குன்னு நீங்க சொல்றீங்க. அப்ப நடுவுல யாரோ வெட்டி வளைச்சிருக்கணும்” என்றார். மொக்கையன் மாமா, “அய்யா ஒரு எட்டு வந்து பாருங்க, தண்ணி வளைஞ்சுதான் போகுது” என்றார். “அதைத்தான்யா நானும் சொல்றேன். நீங்களா வெட்டிக்கிட்டீங்க.”

அவர் இன்னொன்றும் கேட்டார். அந்தப் படத்தில் ஊரணிக்குப் பெயர் போட்டிருக்கிறது, கரட்டுக்குப் போட்டிருக்கிறது, ஒற்றைப் புளியமரத்துக்குக்கூடப் போட்டிருக்கிறது. “அம்புட்டுக்கும் சர்வேக்காரங்க பேர் எழுதியிருக்காங்க. உங்க மாயக்காள் மடக்கு அப்பவே இருந்திருந்தா அதுக்கும் எழுதியிருப்பாங்கள்ல?” என்றார்.

இப்போது பட்டியலில் சேர்க்கிற பேச்சுப் போய், கால்வாயைச் சேதப்படுத்தியதாகப் பதினொரு பேருக்கும் நோட்டீஸ். மே ஆறாம் தேதி கடைசி விசாரணை. அதற்குள் ஆதாரம் காட்டாவிட்டால் மடக்கை மண் போட்டு மூடி, எங்கள் மேல் வழக்கு. அப்பா வீட்டுக்கு வந்து, “வெட்டிக்கிட்டீங்கன்னு சொல்லிப்புட்டாரே” என்றார். இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் எழுது. வேறு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

ஜெயக்கொடி


வில்லாபுரம்
25.4.1987
(பதிவுத் தபால்)

ஜெயா,

பாப்பா நன்றாக இருக்கிறாள். போன வாரம் ஒரு வயது முடிந்தது, பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நீ கேட்ட தாளை மார்ச் மாதமே எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட முடியவில்லை. அதில் எழுதியிருந்தது உண்மை இல்லை.

எழுபத்தைந்து என்று அடித்தபோது அது மீட்டர் என்று எனக்குத் தெரியும். கண்ணிக் கதையை உனக்காக உண்டாக்கினேன். இரண்டு நாள் யோசித்து, எழுபத்தைந்து கண்ணிக்குப் பதினைந்து மீட்டர் சரியாக வருகிறது என்று பார்த்து, அதன் பிறகு எழுதினேன். அப்பா கயிறு கட்டிப் பார்த்து மன்னித்தது அந்தக் கதையை.

நடந்தது இதுதான். போன ஆகஸ்ட் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டர் எங்கள் ஆபீஸினுடையது இல்லை, ஒரு கல்லூரியில் செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை எங்களுக்கு விடுவார்கள். பாப்பாவுக்கு அப்போது நாலு மாதம். காலையிலேயே உடம்பு சுட்டது, மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தேன். மூன்று மணிக்குள் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து மீட்டர் கொடுத்துப் பார்த்தேன், நூற்று அறுபத்து நாலு புள்ளி மிஞ்சியது, வரைகிற மெஷின் வாங்கவில்லை. முப்பது கொடுத்தேன், நூற்று இருபத்தொன்று. அப்போது செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். கால்வாயை நடுவில் வெட்டி இரண்டு கோடாக்கித் தனித்தனியே ஓட்ட வேண்டும். அதற்கு இன்னும் ஐம்பது நிமிடம் ஆகும். எழுபத்தைந்து கொடுத்தேன். அறுபத்தெட்டு புள்ளி. வாங்கிக்கொண்டது.

படம் வந்தது. பெயர்கள் புள்ளிகளோடு சேர்ந்தவை இல்லை, தனியாக ஏற்றி வைத்திருப்பவை, கோடு நிமிர்ந்தாலும் பெயர் அதே இடத்தில் நிற்கும். அந்த நேர்க்கோட்டின் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் மாயக்காள் மடக்கு என்று எழுதியிருந்தது. கால்வாய் அங்கே இம்மிகூட மடங்கவில்லை, பக்கத்தில் மடக்கு என்று பெயர். பெயர் இல்லாவிட்டால் அந்த ஒரு மில்லிமீட்டரை யாரும் கவனிக்கப் போவதில்லை. பெயர் இருந்தால் திங்கட்கிழமை எங்கள் மேலாளர் பார்ப்பார், இதென்னம்மா என்று கேட்பார், திரும்ப ஓட்டச் சொல்வார்.

கோட்டைச் சரிசெய்ய ஐம்பது நிமிடம் வேண்டும். பெயரை அழிக்க ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

அழித்தேன், ஜெயா. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மூன்று ஐம்பதுக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்தால் பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கி, மாமியார் மடியில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள்.

உங்கள் அதிகாரி பெயர் எங்கே என்று கேட்டதாக நீ எழுதியதைப் படித்தபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் முதல் தடவையாக எல்லாம் சொன்னேன். “மீட்டர் தப்புன்னே எழுதிக் குடுத்துடு ராதா. ஜூலையில உன்னை நிரந்தரமாக்கப் போறாங்க. கை தவறுனா கண்டிப்பாங்க, அழிச்சேன்னா அனுப்பிடுவாங்க” என்றார் பத்ரிநாத். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் மீட்டர் தப்பு என்று எழுதினால் கோடு மட்டும்தான் திரும்ப வரும். பெயர் ஏன் இல்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும், நீங்கள் வெட்டியதாகத்தான் முடியும்.

இதோடு மூன்று தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, அன்றைக்கு முதலில் வந்த படம். நேர்க்கோடும் பெயரும் அதில் இருக்கின்றன, மூலையில் தேதியை மெஷினே போட்டிருக்கிறது, என் இனிஷியலும் இருக்கிறது. கழிவுத் தாள் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எட்டு மாதமாகப் பீரோவில் பழந்துணிக்கு அடியில் கிடக்கிறது, எறியத் துணிவில்லை. இரண்டாவது, இந்தச் செவ்வாய்க்கிழமை நான் வரைந்தது. எறிந்த புள்ளிகள் நகலிலிருந்து போனவைதான், கம்ப்யூட்டர் பதிவு வைக்கிற மூல நாடாவில் இரண்டாயிரத்து நூற்று நாற்பதும் பத்திரமாக இருக்கின்றன. கால்வாயை இரண்டாக வெட்டி ஓட்டினேன். மடக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பத்தெட்டு நிமிடம். மூன்றாவது, என் வாக்குமூலம். நாடாவின் எண்ணும் பெயரை நான் அழித்ததும் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பாப்பாவைக் காரணமாகச் சொல்வதாக நினைக்காதே. அவளை வைத்துத்தான் இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராதாமணி


ஆலம்பொட்டல்
16.5.1987

ராதாமணிக்கு.

ஆறாம் தேதி விசாரணை நடந்தது. அதிகாரி உன் மூன்று தாளையும் வாங்கி, முதல் தாளின் தேதியை வெகுநேரம் பார்த்தார். நாங்கள் மனு கொடுப்பதற்கு ஆறு மாதம் முந்தைய தேதி. “பேர் மொதல்ல இருந்திருக்கு” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் ஜீப்பை எடுக்கச் சொல்லி நேராக எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார், அவர் பின்னால் நடந்தார், மடக்கு முழுவதும் டேப் பிடித்து அளந்தார்கள். நோட்டீஸ் பதினொன்றும் ரத்து. பட்டியலில் எங்கள் வயல்களைக் கையால் எழுதிச் சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட்டார். மடை நம்பர் இருபத்தேழு எங்களுக்கு.

உன் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பா, “அந்தப் புள்ளய ஒரு நா வரச் சொல்லு, கைப்புள்ளையோட. நல்லது கெட்டது பண்ணாத மனுசரு யாரு இருக்காக” என்கிறார். நான் இன்னும் உன்னை வரச் சொல்லவில்லை. ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

நீ எங்கள் ஊருக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறாய். எண்பத்தொன்றில், பொங்கலுக்கு மறுநாள். கால்வாயில் இறங்கி நின்றோம், உன் செருப்பில் ஒன்று தண்ணீரில் போய்விட்டது. நீ கரையோடு ஓடப் போனாய். அப்பா உன்னை நிறுத்தி, வயலுக்குக் குறுக்கே சாவகாசமாக நடந்து மடக்கின் அந்தக் கோடிக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். “சுத்தித்தான ஆத்தா வரணும், எங்க போயிரும்” என்றார். கொஞ்ச நேரத்தில் செருப்பு வந்தது. இது மாயக்காள் மடக்கு என்று அவர் சொல்ல, யார் அந்த மாயக்காள் என்று நீ கேட்டாய்.

இத்தனை கடிதத்தில் நான் இதை எழுதவில்லை. நீயாக எழுதுவாய் என்று இருந்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட கடிதத்தில்கூட நீ எழுதவில்லை.

அந்த மெஷினில் பெயரை அழித்தபோது, அது எங்கள் ஊர் மடக்கு என்று உனக்கு ஞாபகம் வந்ததா? எத்தனையோ நூறு பெயர் ஏற்றியிருப்பாய். பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு. வரவில்லை என்று எழுது, நான் நம்பிக்கொள்கிறேன்.

ஜெயக்கொடி


வில்லாபுரம்
9.6.1987

ஜெயா,

வரவில்லை என்று ஒரு கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி, பத்து நாள் அலமாரியில் வைத்திருந்தேன். நன்றாக எழுதியிருந்தேன், நீ நம்பியிருப்பாய். இன்று காலையில் அதைக் கிழித்துவிட்டேன்.

ஜூன் முதல் தேதியோடு என்னை நிறுத்திவிட்டார்கள். நீ அதைக் கேட்கவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஞாபகம் வந்தது. ஒரு பெயரை அழிக்கச் சொன்னால் அந்த மெஷின் உடனே அழித்துவிடாது, நிச்சயமாகவா என்று திரையில் ஒரு தடவை கேட்கும். ஆம் என்று ஒரு எழுத்தை அழுத்த வேண்டும். அந்தக் கேள்வி திரையில் நின்றபோது உன் அப்பா வயலுக்குக் குறுக்கே நடந்து போனது அப்படியே வந்தது. ஈரச் செருப்பைத் துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்ததும் வந்தது. அவர் படத்தை எங்கே பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அழுத்தினேன்.

ராதாமணி